சிரிப்பைச் சாட்சியாக்க வேண்டாம்

நவீன ஓவியம் ஓர் ஏமாற்று வேலை, அதைச் சினிமாவே தோலுரித்துக் காட்டிவிட்டது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி இந்த முடிவு இன்று எங்கும் பரவியிருக்கிறது. தென்காசித் தேநீர்க் கடைகளில் அதைக் கேட்கலாம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து தங்கும் இலக்கிய அன்பர்களின் பேச்சிலும் கேட்கலாம். சான்றாகக் கைப்பேசியில் ஒரு படத்துணுக்கு நீட்டப்படும். அருங்காட்சியகத்தில் குவித்து வைத்த சரளைக் கற்களைத் துப்புரவு ஊழியர் குப்பையென்று அள்ளிவிடுகிறார். அல்லது, களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண்மணியைக் கலைப்படைப்பு என்று நினைத்துக் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். வழக்கு முடிந்தது என்கிறார்கள்.

இந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதே நேர்மை. குப்பைக்கும் கலைக்கும் வேறுபாடு தெரியாத ஒன்று கலையாக இருக்க முடியாது. சுவரில் ஒட்டிய வாழைப்பழத்துக்குக் கோடிக்கணக்கில் விலை வைப்பது சூதாட்டம். நம் மரபுக் கலையோ பார்த்த மாத்திரத்தில் பாமரனுக்கும் புரியும். விளக்க அட்டை கேட்காது. ஆகவே மக்களின் சிரிப்பே சரியான தீர்ப்பு; கேலிப்படம் அந்தத் தீர்ப்பின் எழுத்து வடிவம். இதில் உண்மையே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்காட்சிக் குறிப்பேடுகள் பலவும் வாசகனை வெளியே நிறுத்தும் மொழியில்தான் எழுதப்படுகின்றன. விலைகள் மனிதனின் உழைப்பை அவமதிக்கும் அளவுக்குப் போய்விட்டன. ஆனால் இவற்றிலிருந்து அந்த முடிவுக்குப் போக வழியில்லை. அந்தப் படங்களே அதற்கு இடம் தரவில்லை.

1. முதலில் கேட்க வேண்டியது, இந்தப் படங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றன என்பதே.

நாற்காலிக் காட்சி 1978-ல் வெளிவந்த ஓர் இத்தாலியப் படத்தில் வருவது. மூன்று கதைகள் கொண்ட அந்தப் படத்தின் ஒரு பகுதியை நடிகர் ஆல்பர்த்தோ சோர்டி தானே இயக்கி நடித்தார். ரோம் நகரத்துக் காய்கறி, பழக் கடைக்காரத் தம்பதியை, அவர்களுடைய படித்த பிள்ளைகள் ‘அறிவார்ந்த விடுமுறை’க்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர்கள் வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற கலைக் கண்காட்சிக்குப் போகிறார்கள். நடந்து நடந்து கால் ஓய்ந்த மனைவி ஒரு நாற்காலியில் சாய்கிறாள். வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்று ரசிக்கிறார்கள். இந்தக் காட்சி நவீனக் கலை பொய் என்று எங்கே சொல்கிறது? களைத்த பெண் ஒருத்தியை, படைப்பு என்று நினைத்த பிறகுதான் அந்தக் கூட்டம் ஏறிட்டுப் பார்க்கிறது. கேலி விழுவது அந்தக் கண்களின்மேல். பெற்றோரின் ரசனையைத் திருத்தப் புறப்பட்ட பிள்ளைகளின்மேலும் விழுகிறது. நாற்காலிமேல் அது விழவேயில்லை.

சரளைக் கல் காட்சி சுவீடன் இயக்குநர் ரூபன் ஓஸ்ட்லுண்டின் ‘தி ஸ்கொயர்’ படத்தில் வருவது. 2017-ல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது பெற்ற படம். அதன் நடுவில் இருப்பது தரையில் வரைந்த ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு உதவ வேண்டும், எல்லோருக்கும் சம உரிமை, சம கடமை. படைப்பு இவ்வளவுதான். அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பாளர் கிறிஸ்தியானின் கைப்பேசி திருட்டுப்போகிறது. அதை மீட்க, ஏழைகள் வாழும் அடுக்குமாடி வீடுகள் அத்தனைக்கும் மிரட்டல் கடிதம் போடுகிறான். அதனால் ஒரு சிறுவன் வீட்டில் திருடன் என்று பெயரெடுக்கிறான். மன்னிப்புக் கேள் என்று வந்து நிற்கும் அந்தப் பையனுக்கு, உலகத்துக்கே நம்பிக்கையைப் போதிக்கும் கிறிஸ்தியானால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மனம் மாறித் தேடிப் போகும்போது அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. படம் முழுக்கச் சதுரம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, மனிதர்கள்தான் தோற்கிறார்கள். இந்தப் படத்திலிருந்து சரளைக் கல் காட்சியை மட்டும் வெட்டியெடுத்து ‘பார், கலை குப்பை’ என்று காட்டுவது, சாட்சியின் வாயில் வேறு வாக்குமூலத்தைத் திணிப்பது.

2. குப்பையென்று அள்ளப்பட்டதால் அது குப்பையே என்பது எந்த ஊர்த் தர்க்கம்?

படத்தில் வருவது போன்ற நிகழ்வு வெறும் கற்பனையல்ல. 2001-ல் லண்டன் காட்சிக்கூடம் ஒன்றில் டேமியன் ஹர்ஸ்ட் அமைத்திருந்த சாம்பல் கிண்ணங்களையும் காலிப் பாட்டில்களையும் துப்புரவு ஊழியர் அள்ளிக் குப்பைப் பையில் போட்டார். 1986-ல் டுசல்டோர்ஃப் கலைக் கழகத்தில் யோசஃப் பாய்ஸ் அறை மூலையில் வைத்திருந்த கொழுப்பும் அப்படியே போனது. எதிர்த்தரப்பு இவற்றை எடுத்துக்காட்டுவது இயல்பு. ஆனால் அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் நுழைந்து பார்க்கட்டும். திருப்பணி என்ற பெயரில் எத்தனை சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது! எத்தனை தூண் சிற்பங்கள்மீது மணலைப் பீய்ச்சியடித்து மூக்கும் விரலும் மழுங்கடிக்கப்பட்டன! தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்கள்மீது நாயக்கர் காலத்தவர் வேறு ஓவியம் தீட்டினார்கள். அடியில் புதைந்து கிடந்ததை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகம் அறியவில்லை. மூடியவர்களுக்கு அது தேவையற்ற பழைய பூச்சு. அதனால் சோழர் ஓவியம் கலையில்லை என்று ஆகிவிடுமா? துப்புரவு ஊழியரின் துடைப்பம் நவீனக் கலையைத் தண்டிக்குமானால், சுண்ணாம்பு மட்டை சித்தன்னவாசலையும் தண்டிக்கும்.

தலைகீழ் ஓவியக் கதையும் இந்த வகைதான். ‘தலைகீழாக மாட்டினாலும் தெரியாது’ என்பது வார இதழ்த் துணுக்குகளில் பல தலைமுறை பார்த்த நகைச்சுவை. 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் ‘படகு’ 47 நாட்கள் தலைகீழாகவே தொங்கியது. உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? காட்சியைப் பார்க்க வந்த ஒரு பார்வையாளர். நீரில் விழும் நிழல், மேலே இருக்கும் படகைவிடச் சிக்கலாக இருக்க ஓவியர் ஏன் வரைவார் என்று அவர் யோசித்தார். மேல், கீழ் இல்லாத கிறுக்கல் என்றால் தலைகீழ் என்ற தவறே நேர முடியாது. மோந்திரியான் ஒட்டுநாடாக்களால் அமைத்து முடிக்காமல் விட்ட ஒரு படைப்பு 75 ஆண்டுகளுக்கு மேல் தலைகீழாக இருந்தது என்று 2022-ல் தெரியவந்தது. இது நிபுணர்களுக்குப் பெரிய தலைக்குனிவு, மறுப்பதற்கில்லை. பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டு அதைச் சொன்னவரும் ஓர் அருங்காட்சியகப் பொறுப்பாளரே. தவறியது காட்சிக்கு வைத்த நிறுவனம். கூர்ந்து பார்த்த கண்தான் இரண்டு முறையும் திருத்தியது.

3. விலையைக் காட்டிக் கலையைத் தூக்கிலிட முடியாது.

மொரிசியோ கத்தெலான் 2019-ல் மயாமிக் கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் அதன் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. இதைப் பார்த்துக் கோபப்படாதவர்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தப் படைப்புக்குக் கலைஞர் வைத்த பெயர் ‘நகைச்சுவை நடிகன்’. வாங்குகிறவனைப் பார்த்தே அது சிரித்தது. வாங்கினார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டது 2020-ல் துனீசிய இயக்குநர் கௌதர் பென் ஹனியா எடுத்த ‘தன் தோலை விற்ற மனிதன்’. சிரியாவிலிருந்து தப்பிய அகதி ஒருவனின் முதுகில் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் ஐரோப்பிய விசாவைப் பச்சை குத்துகிறார். மனிதனாக எல்லை தாண்ட முடியாதவன் சரக்காக மாறியதும் விமானத்தில் போகிறான், அருங்காட்சியக மேடையில் முதுகைக் காட்டி உட்காருகிறான். பெல்ஜியக் கலைஞர் விம் டெல்வோய் ஒரு மனிதரின் முதுகில் பச்சை குத்தி அதை விற்ற உண்மை நிகழ்விலிருந்து பிறந்த கதை. கலைச் சந்தையை இதைவிடக் கடுமையாகத் தாக்கிய படம் அரிது. ஆனால் தாக்குதல் எங்கே போய் முடிகிறது? பொருளுக்குத் திறக்கும் கதவு மனிதனுக்குத் திறக்காத உலகத்தில். அதைக் காட்ட இயக்குநருக்கு நவீனக் கலையின் மொழியே தேவைப்பட்டது.

நவீன ஓவியம் என்றாலே பணக்காரர் சூதாட்டம் என்பவர்கள் சென்னைக்கு வெகு அருகே உள்ள ஒரு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் சோறு தின்றுகொண்டு வரைந்தார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறிகளும்’ வரிசை ஓவியங்களில் வருபவை ஜாதகக் கட்டங்களையும் ஓலைச்சுவடி எழுத்துகளையும் நினைவூட்டும் குறிகள். இதில் ஏலக்காரன் எங்கே வந்தான்?

4. கேலிப்படங்கள் குறிவைக்கும் இன்னொன்று அச்சம். 2007-ல் வந்த ‘வெல்கம்’ இந்திப் படத்தில் அனில் கபூர் ஏற்ற மஜ்னு பாய் ஒரு தாதா, ஓவியரும்கூட. குதிரையும் கழுதையும் ஒன்றின் முதுகில் மற்றொன்று நிற்கும் அவருடைய ஓவியம் இன்றும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. நவீன ஓவியத்தின் லட்சணம் இதுதான் என்று பகிர்கிறார்கள். அந்த ஓவியத்தை யாரும் குறை சொல்லாததற்குக் காரணம் ஓவியக் கொள்கையா, ஓவியரின் துப்பாக்கியா? ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’யில் (2006) வடிவேலுவின் அரசன் கட்டுமஸ்தான வீரன் ஒருவனின் உடம்பில் தன் தலையை வைத்து ஓவியம் தீட்டச் செய்கிறான். அது நவீன பாணியே அல்ல. அச்சு அசலான அரசவை ஓவியம். பார்த்தவுடன் புரியும் ஓவியம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். தெருமுனைக் கட்-அவுட்டுகளில் நாம் அன்றாடம் காணும் பொய் அது.

5. நம் மரபுக் கலை பார்த்தவுடன் புரியும் என்று குற்றாலத்தில் நின்றுகொண்டு சொல்வது எப்படி?

நடராசரின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு உரியது சித்திர சபை. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம். இங்கே கல்லிலோ உலோகத்திலோ திருமேனி கிடையாது. சுவரில் தீட்டிய ஓவியமே ஆடவல்லான், அந்த ஓவியத்துக்கே தீபாராதனை. கடவுளைப் பற்றிய படம் என்று அதைச் சொன்னால் பாதிதான் சரி. படமே கடவுளாக நிற்கும் இடம் அது. ஒரு பொருள் எப்போது தன் சாதாரண நிலையை விட்டு வேறொன்றாகிறது, யார் அதை அப்படி ஆக்குகிறார்கள் என்பது நவீனக் கலையின் தலையாய கேள்வி. அந்தக் கேள்வியோடு இந்த ஊர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. குற்றாலநாதர் கோயிலுக்குள் பராசக்தி சன்னிதியில் வழிபடப்படுவது மேரு வடிவம். முகமும் கையும் இல்லாத வெறும் வடிவியல் அம்மனாக நிற்கிறது. அரூபத்தின் முன் கைகூப்பத் தெரிந்த மக்களுக்கு அரூப ஓவியம் புரியாது என்று யார் முடிவு செய்தது?

அது பக்தி, இது வேறு என்று பதில் வரும். சரி, பக்தியை விட்டு இலக்கியத்துக்கு வரலாம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், பிரிந்துபோன சிங்கியைச் சிங்கன் மறுபடியும் சந்திக்கும் கட்டம் எல்லோருக்கும் தெரியும். அவள் உடம்பெங்கும் நகை. சிங்கனுக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. காலில் விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். ஒவ்வொன்றையும் அவன் வேறொன்றாகக் காண்கிறான். ஒவ்வொன்றுக்கும் அவள் பெயரும் வந்த ஊரும் சொல்கிறாள். காட்சிக்கூடத்தில் திகைத்து நிற்கும் பார்வையாளனையும், எந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று அடுக்கிக்கொண்டே போகும் குறிப்பேட்டையும் தமிழ்க் கவி அப்போதே எதிரெதிரே நிறுத்திவிட்டார்.

இந்தக் கட்டத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? சிலம்பைப் பாம்பென்ற சிங்கனைப் பார்த்துத்தான் முதலில். ஆனால் அவன் கண்ணில் பட்ட பிறகு சிலம்பின் வளைவும் நெளிவும் நமக்கே புதிதாகத் தெரிகின்றன. சிங்கியின் பெருமிதமும் சிரிப்புக்குத் தப்பவில்லை. சிரிப்பு இரண்டு பக்கமும் வெட்டுகிறது, நகையோ ஒளி குறையாமல் இருக்கிறது. சிங்கன் பாம்பு என்றான், ஆகவே சிலம்பு பொய் என்று எந்த வாசகரும் முடிவு கட்டியதில்லை. நவீனக் கலையைப் பற்றிய கேலிப்படத்துக்கு மட்டும் அந்த முடிவைக் கட்டுவது ஏன்?

டி.கே.சி.யைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. இதயத்தைத் தொடாதது கவியில்லை என்றவர் ரசிகமணி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்தவர். ஆகவே உடனே தொடாத ஓவியமும் ஓவியமில்லை என்கிறார்கள். ‘உடனே’ என்ற சொல் அவர்கள் சேர்த்தது. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, பாடி, நிறுத்தி, திரும்பவும் பாடி, அதன் தாளமும் பாவமும் கேட்பவர் உடம்பில் இறங்கும்வரை விடாதவர் அவர். பழக்கத்தால் விளைந்த அந்த ரசனையைப் பழகாதவர்களின் அவசரத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி.

6. கேலிப்படம் கலைக்கு வெளியே நின்று கல்லெறிகிறது என்ற கற்பனையும் நிற்காது.

‘தி ஸ்கொயர்’ எடுத்த ஓஸ்ட்லுண்ட், படத்துக்கு முன்பே தன் தயாரிப்பாளர் நண்பரோடு சேர்ந்து சுவீடனின் வேர்னமோ நகரத்து அருங்காட்சியகத்துக்காக அதே சதுரத்தை உண்மையாகவே அமைத்தவர். கேலி செய்தவரும் படைத்தவரும் ஒருவரே. ‘இம்சை அரசன்’ படத்தை இயக்கிய சிம்புதேவன் ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் புதிய சினிமாவின் முன்னோடியான ஜி. அரவிந்தன் பல ஆண்டுகள் மாத்ருபூமியில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர்.

தமிழ்ப் படங்களில் இதற்கு மேலான சான்று ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ செல்லப்பா (நாகேஷ்) தன் அப்பாவுக்கு (பாலையா) பேய்க்கதை சொல்லும் காட்சியைச் சரக்கில்லாத சினிமாக்காரனைக் கேலி செய்யும் காட்சி என்றே அறுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பாலையாவின் முகத்தைப் பாருங்கள். கையில் கதையில்லை, திரையில்லை, பேயுமில்லை. நாகேஷின் குரலும் மூச்சும் கையசைவும் மட்டுமே. கேட்பவர் வெலவெலத்துப் போகிறார். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று பிறந்துவிட்டது. பொருள் இல்லாமலே படைப்பு நிகழ முடியுமா என்று நவீனக் கலை கேட்ட கேள்விக்கு, அந்தக் கலையின் பெயரையே உச்சரிக்காமல் இரண்டு நடிகர்கள் பதில் தந்துவிட்டார்கள். நம் கேலிச் சினிமாவின் உச்சம் இந்த இடம் என்பதில் ஐயமில்லை.

கேலிப்படம் கலைக்கு எல்லை வகுப்பதேயில்லையா? வகுக்கிறது, ஆனால் வேறிடத்தில். ‘தி ஸ்கொயர்’ விருந்துக் காட்சியில் குரங்காக நடிக்கும் ஒரு கலைஞன் புரவலர்களின் மேசைகளுக்கிடையே திரிகிறான். முதலில் புன்னகைக்கிறார்கள். பிறகு தலை குனிகிறார்கள். அவன் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும்போதும் யாரும் எழவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு முதியவர் எழுந்த பிறகு எல்லோரும் பாய்ந்து அடிக்கிறார்கள். கலை என்ற பெயர் ஒரு மனிதருக்கு நேரும் துன்பத்தை மறைக்கும் திரையாகும் இடமே எல்லை என்கிறது படம். புரிகிறதா, புரியவில்லையா என்பது அங்கே பொருட்டேயில்லை.

இந்தப் பிழையான எண்ணத்துக்கு விளைவும் உண்டு. ‘புரியவில்லை, ஆகவே வீண்’ என்ற மனப்பான்மை காட்சிக்கூடத்தோடு நிற்பதில்லை. அது பள்ளிக்கூடத்து நேர அட்டவணைக்குள் வருகிறது. 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காக நியமிக்கப்பட்ட 16,549 ஆசிரியர்களும் பகுதிநேர ஆசிரியர்களே. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியபோது, ஓவியம் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட சமூகம்தான் நவீன ஓவியம் புரியவில்லை என்றும் குறைப்படுகிறது. கண்ணைப் பழக்கும் வகுப்பை மூடிவிட்டு, கண்ணுக்குத் தெரியாததைப் பொய் என்று சொல்கிறோம். மறுபக்கம், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களை லட்சக்கணக்கான வாசகர்கள் விளக்க அட்டை எதுவுமின்றி ஏற்றுக்கொண்டார்கள். அவை நவீன ஓவியங்களே. வாரம்தோறும் கண்ணில் பட்டன, பழகின.

ஆகவே தென்காசி மாவட்டத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் திரைப்பட ஆர்வலர்களும் ஒன்று செய்யலாம். இந்தப் படங்களைத் துணுக்குகளாகப் பகிராமல் முழுமையாகத் திரையிடுங்கள். ‘காதலிக்க நேரமில்லை’யையும் அந்த வரிசையில் சேருங்கள். மறுநாள் மாணவர்களைச் சித்திர சபைக்கு அழைத்துப் போய் ஒரு மணி நேரம் பார்க்க விடுங்கள். அரசு, ஓவிய ஆசிரியர்களை முழுநேரப் பணியில் அமர்த்தட்டும்.